உன் மகளுக்கும் இடப்பக்கம்தான் வலித்தது

என்னைத் தூக்கி வளர்த்த மல்லிகா அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் சற்று உட்கார்ந்துகொள். நின்றபடி கேட்கிற சேதி இல்லை இது. உன் மகள் திவ்யாவை இப்போதுதான் ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போனார்கள்.

வயசுக்கு வந்ததிலிருந்து மாதாமாதம் சுருண்டுதான் படுப்பாள். "அம்மா மாதிரியே" என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு மட்டும் உன் கடைசி நாள்தான் நினைவுக்கு வரும். கொஞ்ச நாளாகத் தீட்டு நாளில் மட்டுமல்ல, இடையிலும் வலி வந்தது. அதுவும் இடப்பக்கம் மட்டும்.

உனக்கு நடந்ததை மறக்க முடியுமா? ஆவடி குவார்ட்டர்ஸில் இடப்பக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய். எதிர்வீட்டு ராணியம்மா ஓடிவந்து, "இன்னா மல்லிகா, விசேஷமா? இந்த தபா ஆம்பளப் புள்ளதான், பாத்துகினே இரு!" என்று உன் வாயில் சர்க்கரையைப் போட்டாள். உன் மாமியார் வாயெல்லாம் பல். வலியில் உனக்கு வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் நீ சிரித்தாய். ஏன் அக்கா சிரித்தாய்? ஐயோ வலிக்குதே என்று ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?

பிள்ளை இல்லை அக்கா, கட்டி. அது முறுக்கிக்கொண்டு உள்ளேயே அழுகி, சீழ் உடம்பெல்லாம் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சினைப்பை என்ற சொல்லையே அன்றுதான் கேள்விப்பட்டோம்.

அதனால்தான் போன வாரம் திவ்யாவை அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு அந்தம்மா பொறுமையாகச் சொன்னார். "சினைப்பையில சின்னதா நீர்க்கட்டி வர்றது சகஜம்மா. முக்கால்வாசி தானா கரைஞ்சிடும். இது பெருசு, கரையிற வகையா தெரியல. முறுக்கிக்கிச்சுன்னா ரத்த ஓட்டம் நின்னுடும். சீக்கிரம் எடுத்துடலாம். அதுக்குள்ள திடீர்னு ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, வாந்தின்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க."

உன் வீட்டுக்காரர், மாமா, யோசித்தார். "ஞாயித்துக்கெழமை நசரத்பேட்டைலேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க சுமதி. வயித்துல தையலோட நின்னா எவன் கட்டுவான்? அவங்க வந்துட்டுப் போகட்டும்." உன் மகளும் அவர் பக்கம். "அப்பா பாவம் சித்தி. மாத்திரை போட்டுக்கிறேன்." ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் பேசுகிற பேச்சா இது? கத்தித் தீர்த்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இன்று காலை மாப்பிள்ளை வீட்டார் வேன் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். புடவையெல்லாம் வாந்தி. "பயத்துல வருது, எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடு" என்றார் மாமா.

"எங்கக்காவுக்குச் சர்க்கரை குடுத்துச் சுடுகாட்டுக்கு அனுப்புனீங்க. இவளுக்கு எலுமிச்சம்பழமா? வழிய விடுங்க!" என்று கத்திவிட்டு, அந்தப் புடவையோடேயே அவளை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் என் கையைக் கடித்துக்கொண்டு வந்தாள். பல் பதிந்த இடம் இன்னும் எரிகிறது.

"முறுக்கியிருக்கு. உள்ள போய்ப் பாத்தாத்தான் காப்பாத்த முடியுமான்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர். எதைக் காப்பாற்ற, சினைப்பையையா, நம் திவ்யாவையா? நான் கேட்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். மாமா பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறார். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, அறைய வேண்டும் போலவும் இருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, இனி நம் வீட்டில் ஒரு பெண்ணையும் வலியோடு சிரிக்க விடமாட்டேன். தழும்பைப் பார்த்து ஓடுகிறவன் ஓடட்டும்.

நீ ஒன்றே ஒன்று செய். அவளைப் பார்க்க உனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், மயங்கிக் கிடக்கிற இந்த நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே. நீ கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள்.

உன் தங்கச்சி,
திவ்யாவின் சித்தி,
சுமதி