வேப்பமரம் உட்கார்ந்த நாற்காலி

ஆடி 3, சனி

மாடியில் சாயங்காலம் என்னிடம் படிக்க வருகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, ஏசுவடியாள் டீச்சர் புது விளையாட்டு ஒன்று சொல்லித் தந்தார்கள். கதையில் வருகிற ஆளாக ஒரு பிள்ளை நாற்காலியில் உட்கார வேண்டும். மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும். பதில் புத்தகத்தில் இருக்காது. "பள்ளிக்கூடத்துல இத்தன பிள்ளைகள வச்சிக்கிட்டு முடியாது மாலா. ஒங்க மாடியில நடக்கும்" என்றார்கள். என்னை வீட்டில் எட்டாவதோடு நிறுத்தினார்கள். மிச்சம் நானாகப் படித்தது. சரி என்றேன்.

ஆடி 5, திங்கள்

பிள்ளைகளில் அனு மட்டும் இன்றும் வாசிக்கவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. கூட்டிப்போக வந்த அவள் அம்மா சுமதி பார்த்துக்கொண்டு நின்றாள். "வாயே தொறக்காத பிள்ளைக்கு எதுக்குக்கா படிப்பு? காலாண்டு லீவோட நிறுத்திட்டு, வீட்டுல தறிக்குத் தார்க்குச்சியில நூல் சுத்தப் போடப்போறேன்."

அனு செருப்பை மாட்டினாள்.

ஆடி 6, செவ்வாய்

கோயிலுக்குப் போய் அனு விஷயத்தை அம்பாளிடம் சொன்னேன். பிரசாதமாகப் புற்றுமண் வாங்கி வந்தேன்.

ஆடி 9, வெள்ளி

ரோடு போட வெட்டப்போகிற வேப்பமரத்தைப் பற்றிய கதை. மரமாக உட்கார யாரும் வரவில்லை. மரம் பேசாதுதானே என்று அனுவை உட்கார வைத்தேன். கையில் ஒரு கொப்பு வேப்பிலை. நாற்காலிக் கிழிசல் தெரியாமல் இருக்கப் பழைய மஞ்சள் துணி. செலவு இல்லை.

கோகுல் கேட்டான்: "ஏ மரமே, ஒன்னைய வெட்ட வாராங்க. பயமா இருக்கா?"

அனு கொப்பை நிமிர்த்திப் பிடித்தாள். அப்புறம், "வெட்டுதவன் எங்கிட்ட கேக்கலையே" என்றாள்.

கொஞ்சம் கட்டைக் குரல். இதுவரை எனக்குத் தெரியாது.

ஆடி 10, சனி

எதிர்வீட்டு முத்துமணி துணி காயப்போடும்போது நேற்று நடந்ததைப் பார்த்திருக்கிறாள். ஆடி வெள்ளி, மஞ்சள் துணி, வேப்பிலை, பேசாத பிள்ளை பேசுகிறது. இன்று தேங்காய் பழத்தோடு வந்து, "பிள்ள எப்பம் உக்காரும்?" என்றாள். மகனுக்குப் பெண் அமையுமா என்று கேட்கணுமாம். இது பாடம் என்றேன். "வெளிய சொல்லக் கூடாதுன்னா சொல்லலக்கா" என்றாள்.

தேங்காயைத் திருப்பிக் கொடுத்தேன். பழத்தைப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள்.

ஆடி 13, செவ்வாய்

கீழே செருப்புக் குவியல். மாடிப்படி முழுக்கப் பொம்பளைகள். இது விளையாட்டு, குறி சொல்லுறது இல்ல என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அம்பாள் பேரைச் சொல்லி ஏமாத்துன மாதிரி ஆயிருமோ? வேப்பிலையைத் தூரப் போட்டேன். துணியை உருவினேன். நாற்காலி கிழிசலோடு நின்றது. கதையில் கேள்வி பாக்கி இருக்கிறது என்று அனு அதிலேயே உட்கார்ந்தாள்.

சுமதி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எம் மவள நிறுத்திரவா, படிக்க விடவா?"

எதற்கும் சிரிக்கிற கோகுல்கூடச் சிரிக்கவில்லை.

"இப்பம் நான் மரம் இல்லம்மா. வேப்பிலையப் பெரியம்மா எடுத்துட்டாங்க" என்றாள் அனு.

"அப்பம் நீயே சொல்லு."

"படிக்கேன். லீவு நாள்ல தார் சுத்துதேன்."

முத்துமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆடி 14, புதன்

மனசு கேட்காமல் சுமதி வீட்டுக்குப் போனேன். அது குறி இல்லை, அதை நம்பி முடிவெடுக்காதே என்றேன். தறிச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"தெரியும்க்கா. நான் என்ன முத்துமணியா? வீட்டுல கேட்டா இவ எதுக்கும் பதில் சொல்ல மாட்டா. அங்கன உக்காந்தாத்தான் சொல்லுதா."

நிறுத்துவாளா மாட்டாளா என்று சொல்லவில்லை. தறியை நிறுத்தவும் இல்லை.

புரட்டாசி 20, திங்கள்

காலாண்டு லீவு முடிந்தது. அனு வந்தாள். விரலில் நூல் அறுத்த கோடு. பள்ளிக்கூடப் பை தோளில்.

இன்று நான் நாற்காலியில் உட்காரணுமாம். கதையில் யாராக என்று கேட்டேன். "நீங்களாத்தான்" என்றாள். முதல் கேள்வியும் அவளே.

"பெரியம்மா, ஒங்கள எட்டாவதோட நிறுத்தும்போது ஒங்ககிட்ட கேட்டாங்களா?"

இல்லை என்றேன். அடுத்த கேள்விக்குக் கோகுல் கையைத் தூக்கினான்.