சின்னவள் இயற்பியல் எடுக்கவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அம்மாவின் முழங்காலையும் சேர்த்தே சொல்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் உண்மையைச் சொல், வழக்கம் போல "நல்லா இருக்கேன்பா" என்று முடித்துவிடாதே. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், அதற்குப் பதில் சொல்லப் போய் சொல்ல வந்ததையே நான் கோட்டை விட்டுவிடுவேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் அம்மா படம் பிடித்து அனுப்புவாள், ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழுந்திருந்தால் கண்டுகொள்ளாதே. விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சின்னவள் கடைசி இரண்டு வருடப் படிப்புக்கு இயற்பியல் எடுக்கவில்லை, புவியியல் எடுத்திருக்கிறாள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்துகொண்டிருக்கிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும், "நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்கப்பா" என்றாள். ஆனால் எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்பது தெரியாது. உடனே போனைக் கையில் எடுக்காதே. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

அவள் பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிற பிள்ளையும் பெற்றவர்களும் வழிகாட்டி டீச்சரோடு நூலகத்தில் உட்கார்ந்து, பள்ளியை முடித்து வெளியே போகிற நாள் வரைக்கும் எதை எப்போது படிப்பது என்று பேசி முடிவு செய்ய வேண்டும். உன் காலத்தில் இப்படி ஒன்றும் கிடையாது, நீயே எல்லாவற்றையும் விசாரித்து வந்து எங்களுக்குச் சொன்னாய், நாங்கள் தலையாட்டினோம். அம்மா பல் கிளினிக்கில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். நான் மருந்து கம்பெனிக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டு நேராகப் போனேன், சட்டைக் கையில் கிரீஸ். உட்கார்ந்ததும் அம்மா முதல் வேலையாக அதை மடித்துவிட்டாள். நாற்காலிகள் எல்லாம் பிள்ளைகளுக்கானவை, என் முழங்கால் இரண்டும் மேஜை உயரத்துக்கு வந்து நின்றன. டீச்சருக்கு நம் வீட்டு அத்தைகளின் வயது இருக்கும், அவசரமே இல்லாதவர். மார்க்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "யாரும் சொல்லாம இவ தானா உக்காந்து செய்யறது என்ன, அத முதல்ல சொல்லுங்க" என்றார். இது என்ன பெரிய கேள்வி என்று நான் முந்திக்கொண்டேன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வாசல் அழைப்பு மணியைக் கழற்றி, உள்ளே இருந்த காந்தத்தை ஆராய்ந்து, திரும்ப மாட்டி, முன்பைவிடச் சத்தமாக அடிக்கவைத்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். டீச்சர் ரசித்துக் கேட்டார். கதை முடிந்ததும் சின்னவள், "அப்பா, அது அக்கா" என்றாள்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிலைமையைச் சமாளிக்க இறங்கினாள். "இவருக்கு எப்பவும் இப்படித்தான் டீச்சர், ரெண்டு பேரையும் குழப்பிக்குவார். இவ எங்க கிளினிக்குக்கு வந்தா பல் குடையற மெஷின் எப்படி சுத்துதுன்னு கேட்டு டாக்டர் உயிர வாங்கிடுவா" என்றாள். சின்னவள் அதற்கும், "அதுவும் அக்காதான்மா. நான் வந்தா வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன்" என்றாள். டீச்சர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்துத் தெருவுக்கு வழி தவறி வந்தவருக்குச் சரியான வீட்டைக் காட்டுவது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள், பலமுறை சொல்லிப் பழகியவள் மாதிரி. பெற்ற இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொன்னால் உன் கதையையே எடுத்து விட்டிருக்கிறோம். இதில் உன் தப்பு ஒன்றுமில்லை. நீ சத்தம் போட்டு வளர்ந்த பிள்ளை, அதனால் எல்லாம் ஞாபகத்தில் நின்றுவிட்டது. அவள் சத்தமில்லாமல் வளர்ந்துவிட்டாள்.

டீச்சர் அவளிடமே கேட்டார். அவள் மனப்பாடம் செய்த மாதிரி இயற்பியல், வேதியியல், உயர் கணிதம் என்று சொன்னாள், எல்லாம் உன்னுடையவை. "ஏன் பிசிக்ஸ்" என்று கேட்டதற்கு, "வீட்ல எல்லாருக்கும் அது புடிக்கும்" என்றாள். "உனக்கு" என்று கேட்டதும் மேஜை விளிம்பை நகத்தால் கீறினாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. நூலகத்தில் போனை அணைக்காமல் வைத்திருந்ததற்கு அம்மா மேஜைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் யாரும் இல்லை, கூட்டம் முடிந்ததும் வாருங்கள் என்றார்கள். போனை வைத்ததும் பழக்கத்தில் சின்னவளிடம் திரும்பி, ஆஸ்பத்திரிப் பின்தெரு வழியாகப் போகலாமா என்று கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "வேண்டாம்பா, நேத்து பெஞ்ச மழைக்கு அங்க தண்ணி நிக்கும். ஒரு வாய்க்கால மூடித்தான் அந்தத் தெருவ போட்டாங்க, தண்ணிக்கு அது தெரியாதில்ல, அது பழைய வழியிலதான் வரும். நீங்க மேட்டுத் தெருவ சுத்திப் போங்க" என்றாள். டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வாய்க்கால் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டார்.

அதற்கப்புறம் அவள் பேசினாள் பார், நீ இருந்து கேட்டிருக்க வேண்டும். அந்தத் தெருவில் மட்டும் வீட்டுச் சுவர்களில் ஒரே உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறதாம், அங்கே நிற்கிற மரங்கள் தண்ணீர்க்கரையில் வளர்கிற வகையாம், தெரு மற்ற தெருக்களைப் போல நேராக இல்லாமல் வளைந்து போகிறதாம், வீடு கட்ட வந்தவன் எதற்கு வளைத்துப் போடுவான், தண்ணீர் வளைத்திருந்தால்தானே உண்டு என்றாள். கையை வைத்து மேஜை மேல் ஊரையே வரைந்து காட்டினாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வாரத்தில் பாதி நாள் நான் அவளுக்குப் போன் போட்டுத்தான் வழி கேட்கிறேன், அவள் சொன்ன வழியில் ஒரு நாளும் மாட்டிக்கொண்டதில்லை. ஆனாலும் அதை ஒரு படிப்பு என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை. வீட்டுப் பிள்ளை சொல்கிறது, நாம் போகிறோம், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

டீச்சர் திட்டம் போட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "கடைசி வருஷத்துலேர்ந்து பின்னாடி வருவோம்" என்றார். புவியியல் சம்பந்தமாக மேலே படிக்கப் போனால் கல்லூரியில் என்னென்ன கேட்பார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் என்ன தேவை, அதற்குப் பதினொன்றில் என்ன தேவை என்று இறங்கி வந்தார். எங்கள் தொழிலிலும் மேலே மோட்டார் அறையில் ஆரம்பித்துத்தான் கீழே வருவோம் என்று நான் சொன்னேன், அம்மா மறுபடியும் காலை மிதித்தாள். சின்னவள் இதுதான் சாக்கு என்று கணக்கையும் விட்டுவிடப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை. "வரைபடம், நில அளவை, மழை அளவு, எல்லாத்துலயும் கணக்கு இருக்கு. இப்ப விட்டுட்டு அப்புறம் புடிக்கணும்னா ரொம்பக் கஷ்டம்மா" என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். உயர் கணிதம் இல்லை, சாதாரணக் கணிதம், கூடவே புள்ளியியலும் பொருளாதாரமும். மொழிப் பரீட்சையைப் பதினொன்றிலேயே எழுதி முடித்துவிட்டால் கடைசி வருடம் மூச்சு விட நேரம் இருக்கும், கஷ்டமான பாடங்களை எல்லாம் ஒரே வருடத்தில் குவித்துக்கொள்கிற பிள்ளைகள்தான் கடைசியில் திணறுகிறார்கள் என்றார். நீ அந்த வருடம் எப்படி இளைத்துப் போனாய் என்று எனக்கு நினைவு வந்தது, இது நிச்சயமாக நீதான். ஏதாவது ஒரு விடுமுறையில் நில அளவை அலுவலகத்தில் போய் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்றும் சொன்னார். நான் கேட்க வேண்டியதையும் கேட்டேன், பொறியியல், மருத்துவம் எல்லாம் இத்தோடு போச்சா என்று. "ஆமாங்க, சில கதவு மூடும். மூடாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு, வீட்ல பேசுங்க" என்றார்.

வீட்டில் பேசினால் உன் மாமா இல்லாமலா. போனிலேயே குதித்தார். பெரியவள் மாதிரி வர வேண்டிய பெண், மண்ணையும் மழையையும் படித்து என்ன செய்யப் போகிறாள் என்றார். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அண்ணா, இவ பெரியவ மாதிரி வர வேண்டாம். பெரியவ ஏற்கெனவே வந்துட்டா" என்றாள். மாமா அதற்கப்புறம் விலைவாசி பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார். எனக்கும் மனம் தெளிந்துவிட்டது, இனி அவள் பாடு, நிம்மதியாக எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ வியாழக்கிழமை வந்து, "பிசிக்ஸே எடுத்துக்கறேன்பா" என்கிறாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அன்று பாத்திரம் கழுவுவது என் முறை, நான் கழுவிக் கொடுக்க அவள் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். மாமா ஏதாவது சொன்னாரா, டீச்சர் கதவு மூடும் என்றதில் பயந்துவிட்டாயா என்று கேட்டுப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை என்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அக்கா ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல தூக்கத்த விட்டுட்டு வீடியோல எனக்கு பிசிக்ஸ் சொல்லித் தர்றா" என்றாள். அதற்காக யாராவது இரண்டு வருடம் பிடிக்காததைப் படிப்பார்களா என்றேன். தட்டைத் துடைத்துக்கொண்டே, "பிசிக்ஸ் இல்லன்னா அவ எதுக்குப்பா என்னைக் கூப்பிடுவா" என்றாள். "நான் குழந்தையா இருக்கும்போதே போயிட்டா. எங்களுக்குப் பேசிக்க வேற ஒண்ணும் கிடையாது. அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு அக்கா" என்றாள்.

மகளே, எனக்கு அழுகை வந்துவிட்டது, குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவள் பாடத்தில் கேள்வியே கேட்பதில்லை, கவனமே இல்லை என்று என்னிடம் குறைபட்டாயே, அவள் கவனம் முழுக்க உன்மேல்தான் இருந்திருக்கிறது. பாடம் நடக்கும்போது உன் அறை ஜன்னலில் ஒரு மலை தெரிகிறதாமே, அது எரிமலையா வெறும் மலையா என்று அவளுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகமாம். கேட்டால் நீ "பாடத்த கவனி" என்று சொல்லிவிடுவாயோ என்று கேட்காமலே இருந்திருக்கிறாள். நான் அங்கேயே, அந்த ஈரக் கையோடேயே, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். பாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அக்கா கூப்பிடுவாள், இது என் பொறுப்பு என்றேன். கடைசித் தட்டைத் துடைத்து அடுக்கி வைத்தாள். மறுநாள் போய்ப் புவியியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் இப்போது சந்தோஷம்தான், அவளும் சாப்பிடும்போது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்கக் குரல் இறங்கிக்கொண்டே வருகிறது.

உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். நீ அவளுக்காக எடுத்துக்கொண்ட சிரமம் எதுவும் வீணாகவில்லை, அதை நீ நம்ப வேண்டும். திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு, தாங்கிக்கொள்வேன். அவளிடம் மட்டும் "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிடாதே, அதை அவள் தாங்க மாட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள், இரவு வேலையைக் குறைத்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உனக்கு எல்லா நன்மையும் கிடைக்க வேண்டும், மனம் நிறைந்து வாழ வேண்டும், அம்மாவும் நானும் அதையே வேண்டிக்கொள்கிறோம். அந்த மலையைப் பற்றி எதையும் தேடிப் படித்து வைத்துக்கொள்ளாதே, தெரியாது என்று அவளிடமே கேள். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அவள் தலை வாரிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், கையில் புத்தகம் எதுவும் இருக்காது.

உன் அப்பா