வெண்கட்டி ஹலாலா?

12.03.1984, திங்கள்

பயத்தில் பகல் சோறு இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்கள் நீரில் கரைந்த காபனை எடுத்து ஓடு கட்டுமாம். அவை செத்ததும் ஓடுகள் காபனோடு அடியில் படிந்து இறுகித்தான் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி ஆகிறதென்று விஞ்ஞான டீச்சர் சொன்னார். ஒரு வருடமாக நான் வகுப்பு வெண்கட்டியைக் களவாகத் தின்கிறேன். அறுக்காமல் செத்த உயிர் ஹராமல்லவா?

மஃரிப் தொழுததும், கடலில் செத்ததைத் தின்னலாமா என்று உம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மீனை அறுத்தா புள்ள தின்னுறம்? கடல்ல செத்ததும் ஹலால்தான்."

அல்ஹம்துலில்லாஹ். மூச்சு வந்தது.

"போய் வாயக் கழுவு. உதடெல்லாம் வெள்ளையாக் கெடக்கு."

இனிக் களவு மட்டும்தான் பாவம். பைக்குள் உள்ள துண்டை நாளைக்கு வகுப்பில் வைத்துவிடுவேன். பாதிதான் மிச்சம்.