உன் துறைமுகத்தில் அவன் பெயர்

மரம் வெட்டும் சத்தத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. இன்று காலை கணினியில் விளையாட்டை ஓடவிட்டுவிட்டுத் தேத்தண்ணீர் போட உள்ளே போயிருந்தேன். முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கனமாக இரண்டு வெட்டு, சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு. கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டில், திருவிருதயப் படத்துக்குக் கீழே, உன் மம்மி தைத்த பூப்போட்ட உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நாம் உட்கார்ந்த அந்தக் கணினியில் கேட்ட அதே சத்தம். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத வந்துவிட்டேன். சொல்ல நிறைய இருக்கிறது. உனக்கு நல்ல செய்தி. இன்னொருவனுக்கு அவ்வளவு நல்லதில்லை.

நாம் விளையாடியதைப் புதிதாகத் திரும்பச் செய்திருக்கிறார்கள். அதன் ஆங்கிலப் பெயரை நாம் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை; 'கோட்டை' என்போம். வெள்ளவத்தையில் பஸ் ஏறுமுன் "கோட்டைக்குப் போறன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவேன். கொழும்புக் கோட்டையில் இறங்கித்தானே எங்கள் பக்கத்து பஸ்ஸைப் பிடிக்கிறாய், ஆகவே அது பொய்யில்லை என்று தீர்ப்புச் சொன்னவள் நீ.

முதல் நாள் கேம் சென்ரரில் இரண்டு கணினிகளில் நாம் மோதியது உனக்கு நினைவிருக்கும். குடிமக்களை மரம் வெட்டவும் வயல் உழவும் அனுப்பி, நான் ஆசையாக ஒரு கிராமம் கட்டினேன். மதில் கட்டவேண்டும் என்று எனக்குத் தெரியாது. உன் குதிரைகள் வந்து கொளுத்தின. "சமாதானம், சமாதானம்" என்று கத்தினேன். நீ ஒரு கையால் பணிஸைத் தின்றுகொண்டு, திரும்பியும் பாராமல் சொன்னாய்: "மன்னிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. இண்டைக்குச் சனிக்கிழமை." கடைசிக் குடிசையையும் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு நீ அந்த வரைபடத்தைச் செய்யத் தொடங்கினாய். விளையாட்டுக்குள்ளேயே ஆறும் மலையும் வைத்துக் களம் அமைக்கும் வசதி இருந்தது. மற்றவர்கள் பாலைவனமும் பனிமலையும் செய்தபோது நீ உங்கள் ஊரைச் செய்தாய். மேற்கே துறைமுகம். மேட்டில் ஒரு கோயில். கிழக்கே வளைந்து போகும் ஆறு, அதன்மேல் இரண்டு பாலங்கள். பாலங்களை அடைத்துவிட்டால் துறைமுகத்தை எவனும் நெருங்க முடியாது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் ஆறு வளையும் இடத்தில் அடர்ந்த மரக்கூட்டம் ஒன்றை வைத்தாய். அந்த மரங்களை வெட்டினால் பின்னால் ஆழமில்லாத ஒரு கடவை.

"இது ஏன்?" என்று கேட்டேன்.

"நாங்க கிராண்ட்பாஸ்ல இருக்கேக்க வெள்ளம் வந்தது. தண்ணி முட்டுக்கு மேல. எல்லாரும் மேல் வீட்டில ஏறி இருந்து அழுதாங்க. டடிக்கு மட்டும் மர ஆலைக்குப் பின்னால ஒரு வழி தெரியும். என்னைத் தோள்ல வச்சு அதால கொண்டுபோனவர்" என்றாய். "ஆருக்கும் சொல்லாத. நீயும் நானும் மட்டும்."

நான் சொல்லவில்லை. வரைபடத்தை மட்டும் நிரோஷனிடம் கொடுத்தோம்.

பாமன்கடையில் அவன் வைத்திருந்த அந்தக் கேம் சென்ரரில் பெண்பிள்ளைகள் என்று நாம் இரண்டு பேர்தான். பத்துக் கணினிகளை ஒன்றோடொன்று தொடுத்து வைத்திருந்தான். நீ இறுவட்டில் பதிந்து கொண்டுபோன வரைபடத்தை எல்லாவற்றிலும் போட்டான். பையன்கள் வேறு களத்தில் விளையாட மறந்தார்கள். சில மாதங்களில் அது இணையத்தில் ஏறியிருந்தது. எந்தெந்த நாட்டிலிருந்தெல்லாமோ ஆட்கள் அதில் விளையாடிவிட்டு, செய்தவனைப் புகழ்ந்திருந்தார்கள். செய்தவன் என்று அவன் பெயர் இருந்தது.

நாம் இருவரும் போய்க் கேட்டோம். அவன் கதிரையிலிருந்து எழும்பவேயில்லை.

"ஒரு மேப்புக்கு ஏன் இவ்வளவு சண்டை? நீ செஞ்சதெண்டு சொன்னா ஆர் நம்பப் போறாங்கள்? பொம்பிளைப் பிள்ளை கோட்டை விளையாடுறதெண்டாலே சிரிப்பாங்கள்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் உண்மையாகவே சிரித்தார்கள். நீ வெளியே வந்தாய். பஸ் வரும்வரை வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஏறும்போது சொன்னாய்: "என்ர வீட்டுக்குள்ள வந்து இருந்துகொண்டு, நீ ஆரெண்டு என்னையே கேக்கிறான்."

அதற்குப் பிறகு நீ விளையாடவில்லை. நான் கேட்டாலும் "இப்ப வேலை இருக்கு" என்பாய். உங்கள் கணினி பழுதானபோது, உன் டடி அதைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுக்கையில், நீ தடுக்கவுமில்லை. அந்த வரைபடத்தைக் காட்டித்தான் அவன் வெளிநாட்டில் விளையாட்டுகள் செய்யும் வேலையொன்றில் சேர்ந்தான் என்று பின்னால் அறிந்தோம். நீ கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலைக்குப் போனாய். நான் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கினேன். பிறகு உனக்கு டெங்கு. ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டிலில் கிடந்து நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது உன் ஃபோனின் சார்ஜரைத்தான். கொண்டுவந்தேன். அதைச் செருகுவதற்கு அவசியம் இருக்கவில்லை.

இந்த வருடம் ரீமேக் வெளிவந்ததும், பழைய ஆட்டத்துக்கு ஈடாக நிற்கிறதா என்று விரிவாக எழுதித் தரச்சொல்லி எங்கள் இணைய இதழின் ஆசிரியர் கேட்டார். திறந்து பார்த்தேன். ரசிகர்கள் செய்த களங்களில் சிறந்தவற்றையும் சேர்த்திருந்தார்கள். முதலாவதாக உன் துறைமுகம். தண்ணீர் மின்னியது, கோயில் மேட்டில் புறாக்கள் பறந்தன. கீழே அவன் பெயர்.

நான் அழவில்லை. ஒரு குடிமகனை அனுப்பி ஆற்று வளைவில் மரம் வெட்டச் சொன்னேன். வேர்களையும் பாசியையும் அழகழகாக வரைந்திருந்தார்கள். ஆற்றில் நுரைகூட இருந்தது. கடைசி மரம் விழுந்ததும் அந்தக் குடிமகன் தண்ணீருக்குள் இறங்கி, முழங்கால் நனைய, மறுகரைக்கு நடந்தான். புதிய படங்களைப் பழைய தரையின்மேல் அச்சுப் பிசகாமல் போர்த்தியிருக்கிறார்கள். என்ன இருக்கிறதென்று தெரியாமலே உன் கடவையைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

அதே மாதம் நிரோஷன் தங்கையின் கலியாணத்துக்காகக் கொழும்புக்கு வந்தான். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனுக்கு வரவேற்பு என்றும், உலகப் புகழ்பெற்ற வரைபடத்தைச் செய்தவரோடு யாரும் மோதலாம் என்றும் விளம்பரம் செய்தார்கள். நான் பெயர் கொடுத்தேன்.

மேடையில் எதிரெதிராக உட்கார்ந்ததும் என்னைக் கூர்ந்து பார்த்தான்.

"நீர் அவவின்ர ஃப்ரெண்ட் தானே?"

"ஓம்."

"அவ எப்பிடி இருக்கிறா?"

"செத்துப்போயிட்டா."

"ஐயோ. எனக்குத் தெரியாது." மவுஸில் கையை வைத்தான். "சரி, எந்த மேப்பில விளையாடுவம்?"

"உங்கட மேப்பிலதான்."

அவன் துறைமுகப் பக்கத்தை எடுத்தான். நான் எதிர்பார்த்தபடியே இரண்டு பாலங்களையும் மதில் கட்டி அடைத்து, கோபுரங்களை நிறுத்தி, உள்ளே சாவகாசமாகக் கப்பல் கட்டத் தொடங்கினான். நான் ஒரு பாலத்தின் முன்னால் கொஞ்சம் வில்லாளரை நிற்கவிட்டேன். என் குடிமக்கள் வளைவில் மரம் வெட்டினார்கள். ஆட்டம் முழுவதும் பெரிய திரையில் தெரிந்தது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு என் பைத்தியம் புரியவில்லை. பழைய 'கோட்டை' விளையாட்டில் ஒடுக்கமான இடத்தில் மதிலுடைக்கும் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துச் சிக்கிக்கொள்ளுமே, அதற்காக நீ திரையைப் பார்த்துத் திட்டுவாயே, அதைத் திருத்திவிட்டார்கள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, உன் கடவையைக் கடந்தன.

அவன் கண்டபோது வண்டிகள் அவனுடைய களஞ்சியத்தின் வாசலில் நின்றன. அவன் பக்கத்திலிருந்து சமாதானக் கோரிக்கை வந்தது. நான் கடைசி வீடுவரை கொளுத்தினேன். அவசரப்படவில்லை.

"இது பக். ரீமேக்கில வந்த பக்" என்று விளையாட்டின்மேல் பிழையைப் போட்டுக் கதிரையைப் பின்னால் தள்ளினான். நிகழ்ச்சியை நடத்தியவர் வெற்றியாளருக்கென்று என்னிடம் மைக்கைத் தந்தார்.

"பழையதிலயும் இருந்தது" என்றேன். "நீங்கள்தானே செஞ்சனீங்கள்? அந்த இடத்தில ஏன் ஒரு கடவை வச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோவன்."

"அது... சும்மா... டெஸ்ட் பண்ண வச்சது."

நான் கிராண்ட்பாஸ் வெள்ளத்தைச் சொன்னேன். மர ஆலையைச் சொன்னேன். உன் டடியின் தோளைச் சொன்னேன். உன் முழுப்பெயரை இரண்டு தரம் சொன்னேன். சிலர் ஃபோனை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து தலை வழுக்கை விழுந்த ஒருவர் எழும்பினார். "அந்த சீடீய அந்தப் பிள்ளைதான் கொண்டுவந்தது. நான் அண்டைக்கு சென்ரரில இருந்தனான்" என்றார். "சிரிச்சதில நானும் ஒராள்" என்றும் சொன்னார்.

நிரோஷன் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையின் பக்கவாசலால் போனான். அவனுடைய தாய் முன்வரிசையில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தையும் நான் பார்த்தேன். பார்த்தும் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் காணொளி பரவியது. விளையாட்டைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். உன் கணினி இல்லை, இறுவட்டு இல்லை, காட்ட ஆதாரமில்லை. விசாரித்துவிட்டு அவன் பெயரை எடுத்தார்கள். அந்த இடத்தில் 'ஆக்கியவர் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். உன் பெயர் வரவில்லை. ஆனால் அவன் பெயர் போய்விட்டது. அன்று மத்தியானம் நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

விமர்சனத்தையும் எழுதிக் கொடுத்தேன். ஈடாக நிற்கிறது என்றுதான் எழுதினேன், உள்ளதைச் சொல்லவேண்டும். படையின் நடை பழையதைவிட நன்று, தண்ணீர் மின்னிக்கொண்டு வடிவாக இருக்கிறது. குடிமக்களின் குரலை மட்டும் கெடுத்துவிட்டார்கள். எல்லோரும் விளம்பரத்தில் பேசுகிற மாதிரிப் பேசுகிறார்கள். இன்னொரு குறை, கணினி எதிரி இப்போது கொஞ்சம் அடித்ததுமே சரணடைகிறது. நீ இருந்தால் அதற்காகவே விளையாட்டைத் தூக்கி எறிந்திருப்பாய்.

கொட்டாஞ்சேனைக்குப் போய் உன் மம்மியிடமும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பாவம், அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே, மகள். அவள் இருந்தா விட்டிருப்பாள்" என்றார். நான் அவர் தந்த கேக்கைத் தின்றேன். மம்மிக்குத் தெரிந்த உன்னை அவர் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு எதிரே உட்கார்ந்து விளையாடியவள் விட்டிருக்கமாட்டாள்.

போன கிழமை அவனிடமிருந்து செய்தி வந்தது. "அது சின்ன வயசில செஞ்ச பிழை. அவதான் செஞ்சவ எண்டு கம்பனிக்கு நானே எழுதுறன். நீர் அந்த வீடியோவ நெட்டில இருந்து எடுக்கச் சொல்லி, இதோட விடுவீரா?"

நிறைய நேரம் யோசித்தேன். அவன் எழுதினால் உன் பெயர் வரும். நான் விட்டால் அவன் எழுதுவான். உன் பெயரை அவனிடம் விலைபேசி வாங்குவதா என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

"எழுதுங்கோ. ஆனா நான் விடமாட்டன்" என்று பதில் அனுப்பினேன்.

இன்னும் எழுதவில்லை. ஆனால் விளையாட வருகிறான். வேறு களங்களில், வேறு ஆட்களோடு. அவன் உள்ளே வந்தால் என் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். எரியும்போதெல்லாம் உன் துறைமுகத்துக்கு வரச்சொல்லி அழைப்பு அனுப்புகிறேன். மறுத்துவிடுகிறான். அந்த மண்ணில் அவன் இனிக் கால் வைக்கப்போவதில்லை. எனக்குள் நீ மிச்சம் வைத்துவிட்டுப் போனவற்றில் இந்தக் கோபம்தான் இன்னும் பழுதாகாமல் இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் சமைக்கும்போதும் கூடவே வருகிறது, பாரமாகவும் இல்லை.

புள்ளி இப்போது எரிகிறது. அவன் வந்திருக்கிறான். இதை இத்தோடு வைக்கிறேன், அழைப்பு அனுப்பவேண்டும்.