பதினாலாவது ஆள்

கள்ளிக்குப்பம்,
ஆடி 6, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தம்பி கிஷோர் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் மூன்று நாளாகக் கொதிக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீ வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம், கிஷோர் சொல்லிவிட்டான். இதைக் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்ப அவனிடம் சொல்கிறேன், இதையாவது நிதானமாகப் படி.

போன சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே உன் ஆட்டத்தைப் போனில் போட்டுவிட்டோம். கூழுக்குக் கேழ்வரகு மாவு கரைத்துக்கொண்டிருந்த உன் அம்மா கையைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்தாள், பக்கத்து வீட்டு சுசீலாவும் வந்துவிட்டாள். உங்கள் ஆஸ்திரேலியாக்காரர்களின் இந்த ஃபுட்டி ஆட்டம் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. முட்டை மாதிரி ஒரு பந்து, நாலு கம்பம், நடுவில் போனால் ஆறு, ஓரத்தில் போனால் ஒன்று, அதுவரைக்கும் தெரியும். உங்களுக்கு ஏழு, அவர்களுக்குத் தொண்ணூற்றேழு. இந்த வருஷம் பதினோரு ஆட்டம் ஆடிப் பதினொன்றும் தோல்வி. தோற்றதுகூட எனக்குப் பெரிசில்லை, என் பெண்ணை மூன்று முறை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் கபடி ஆடியவள் நீ, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் அவுட் என்பதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு. சுசீலா வேறு, "இன்னாக்கா, உம் பொண்ண இப்பிடி குந்த வெச்சிட்டானுங்க" என்று உன் அம்மாவிடம் கேட்டுவிட்டாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கிஷோரைக் கூப்பிட்டு உங்கள் கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதச் சொன்னேன். நாள் முழுக்க முதியோர் இல்லத்தில் வயசானவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டு வந்து ஆடுகிற பெண்ணை உட்கார வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது, வேறு யாரும் கிடைக்கவில்லையா என்று. "வாணாம் நைனா, அக்கா கத்தும்" என்றான். எழுதுடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீயும் பார்த்திருப்பாய், உன் ஊரே பார்த்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளப் தலைவி அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அதிகமாக ஓடுகிறவர்களைத்தான் மூச்சு வாங்கிக்கொள்ள வெளியே கூப்பிடுவார்களாம், தண்ணீர் கொடுத்து மறுபடி உள்ளே அனுப்புவார்களாம், அன்றைக்கு உன்னைவிட ஓடினவர்கள் யாருமில்லையாம். அதோடு விட்டிருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். வருகிற சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம், இருந்த பதினாறு பேரில் ஒருத்திக்கு முட்டி போய்விட்டது, இன்னொருத்தி வேலைக்கு வேறு ஊர் போய்விட்டாள், பதினாலு பேர் இல்லாவிட்டால் மைதானத்தில் இறக்கமாட்டார்கள், பெண்கள் அணியையே கலைத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். ஜெயித்துக்கொண்டிருக்கிற பக்கத்து ஊர் கிளப் அடுத்த வருஷத்துக்கு உன்னைக் கேட்கிறதாம், ஆட வைத்துப் பார்க்க அதே சனிக்கிழமை கூப்பிட்டிருக்கிறதாம். கவி போவதென்றால் நாங்கள் தடுக்கமாட்டோம், அவள் சின்ன வயசுக்காரி என்று முடித்திருந்தார்.

ஏம்மா, இதை ஊரார் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? உனக்காக ஊர் விட்டு ஊர் சண்டைக்குப் போய் நிற்கிறேன், நீ என்னடா என்றால் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாய்! நீ போய் இறங்கின முதல் மாசம் உனக்கு யாரைத் தெரியும்? பஸ் இல்லாத ஊரில் நைட் டூட்டிக்குப் போக வழியில்லாமல் போனில் அழுதாயே, அப்போது தன் வண்டியைக் கொடுத்துக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்தத் தலைவி அம்மாதானே? அவருடைய வண்டியின் பின்பக்கத்தை நீ வேலியில் இடித்தபோது ஒரு வார்த்தை கேட்டாரா?

உன் அம்மா உன் கட்சி. "பாவம்யா கொயந்த, எத்தினி நாளிக்கு அடி வாங்கினு இருக்கும், போவட்டும் உடு" என்கிறாள். சாயங்காலம் வரை அவளோடு நான் பேசவில்லை. நான் ஒன்றும் கல் இல்லை. வாராவாரம் தோற்றுவிட்டு வந்து திங்கட்கிழமை சிரித்த முகத்தோடு வேலைக்குப் போவது லேசு இல்லை என்று எனக்கும் தெரியும். கிளப் மாறாதே என்று நான் சொல்லவில்லை, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நானே மூன்று கம்பெனி மாறினவன். ஆனால் அடுத்த ஷிப்ட் ரிலீவர் வந்து கை வைக்கும்முன் ஓடுகிற லேத்தை விட்டு நான் ஒருநாளும் இறங்கினதில்லை. போன மாசம் என் ரிலீவர் அமல்ராஜ் மனைவிக்குப் பிரசவம், அவன் வரவில்லை, ரெண்டாவது ஷிப்டும் நானே நின்றேன். சந்தோஷமாக நின்றேன் என்று நினைக்காதே, அவனையும் சூப்பர்வைசரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் நின்றேன். நீயும் திட்டிக்கொண்டே நில். அடுத்த வாரம் எங்கே வேண்டுமானாலும் போ.

நான் எழுதினதற்கு மன்னிப்புக் கேட்டு கிஷோரை எழுதச் சொன்னேன். அக்கா சனிக்கிழமை கண்டிப்பாக வரும் என்று சேர்த்து எழுதட்டுமா நைனா என்றான். வேண்டாம், அதை அவள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

கூட வேலை செய்கிற சிவராமனிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன், சனிக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன். குளிரில் வெறும் வயிற்றோடு ஓடாதே, பல்லுக்குப் போடுகிற கவசத்தை மறக்காதே. அம்மன் உன் கூடவே இருப்பாள். ஆட்டம் தொடங்குமுன் உங்கள் பக்கத்துத் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவேன். பதிமூன்று என்றால் போனை அணைத்துவிடுவேன், உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். பதினாலு என்றால், நீங்கள் நூறு பாயிண்டில் தோற்றாலும் இந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபத்தோடும் அதைவிடப் பாசத்தோடும்,
நைனா வேம்புலி