அந்த ‘நீங்க’

மார்ச் 4

அன்புச் சின்னு,

நலம்தானே? மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை. உன் அண்ணனிடம் கேட்டால், “அது உங்க ரெண்டு பேர் சமாச்சாரம்” என்று தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார். அதனால்தான் கடிதம்.

உன்னையும் என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் இருந்த புகார்ப் பிரிவில் இப்போது ஆறு பேர். கடிதங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரே பதில் எழுதிவிடுகிறது. அழுகிறவர்களும் கத்துகிறவர்களும் மட்டும் எங்களிடம் வருகிறார்கள். “மனுஷங்ககிட்ட பேசத் தெரிஞ்சவங்கதான் இனிமே நமக்குச் சொத்து” என்கிறார் மேனேஜர். பேசத் தெரிந்த குற்றத்துக்கு, ‘உங்களுக்கு வேலை இல்லை’ என்று சொல்கிற வேலையும் என் தலையில். உன்னோடு சேர்த்துப் பதினாறு பேரிடம் சொல்லியாகிவிட்டது. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது.

கோபமா? ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். ஒரு கிளினிக்கில் வரவேற்பில் சேர்ந்திருக்கிறேன். டோக்கன் கொடுக்க மிஷின் இருக்கிறது. ஆனால் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். “இன்னும் எவ்வளவு நேரம்மா?” அதற்காகத்தான் என்னை எடுத்தார்களாம். நின்று நின்று கால் வீங்கிவிடுகிறது.

வேலை போனதில் உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் வேலை இல்லை என்று சொன்ன அந்த அறையில் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, “உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க” என்றீர்களே. நீங்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினாலு வருஷமாக என்னை ‘வாடி போடி’ என்ற வாய் அது. நானும் “தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

சின்னு

மார்ச் 22

சின்னு,

‘நீ’ என்று ஆரம்பித்திருந்தால் அடுத்த வார்த்தை எனக்கு வந்திருக்காது. இது பாதி உண்மை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். வேலை போகிறவர்களின் பட்டியல் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே என் கைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்து, சோபா வாங்கலாமா என்று யோசனை கேட்டாய். “வாங்கேன்டி” என்றேன். தெரிந்துதான் சொன்னேன். முன்கூட்டியே விஷயம் வெளியே போனால் என் வேலையும் போய்விடும் என்ற பயம். உன் அண்ணனுக்கும் இது தெரியாது.

நாளைக்கு இன்னும் மூன்று பேர். வேலையை விட்டுவிடத் தைரியம் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது, அதையும் நன்றாகவே பேசிவிடுவேனோ என்று.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். அன்று சொல்லிவைத்த சோபா வந்துவிட்டது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அண்ணனிடம் நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். நீங்களும் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் ஓய்ந்திருப்போம். அந்தச் சண்டை பாக்கி இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் வருகிறேன். ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலில் சண்டை. சாப்பாடு அப்புறம்.

சின்னு