ஆறினால் எழுந்துகொள்ளும் ஈக்கள்

என் ஈக்கார அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. லேபில் பழ ஈ வளர்த்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா “சயின்டிஸ்ட்” என்று மட்டும் சொல்லி, ஈயை மறைத்துவிட்டாள். உன்னைக் கட்டிய மாமாவுக்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் பிரேசர் டவுனில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. உங்கள் மாடி வீட்டுக்காரர் இரண்டாவது நாய் வாங்கியிருக்கிறார். முதல் நாய் அவரோடு பேசுவதில்லை என்று கேள்வி. மாமாவும் யாரோடும் பேசுவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை லேபில், ஈக்கள் இருந்த குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கினாயே, நினைவிருக்கிறதா? எல்லாம் சுருண்டு விழுந்தன. கொலைகாரி என்றேன்.

“சாகலடா. பை தீர்ந்துபோச்சு, அவ்ளோதான்.”

நரம்பு நுனியில் குட்டிக்குட்டிப் பைகள், ஒவ்வொன்றிலும் அடுத்த நரம்புக்கான சேதி. சேதியைக் கொட்டும்போது பை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் திரும்பக் கிள்ளியெடுத்து நிரப்பினால்தான் மேற்கொண்டு பேச்சு. இந்த ஈக்களுக்குச் சூடு பட்டால் கிள்ளுகிற ஆள் வேலைக்கு வரமாட்டான் என்றாய். நான் ஜோக் சொல்வது போலத்தான் நரம்பும், பழைய பையையே திரும்பத் திரும்ப நிரப்புகிறது என்று குத்தவும் செய்தாய். குப்பி ஆறியது. ஈக்கள் எழுந்து நடந்தன.

அதைப் பார்த்ததுதான் என்னைக் கெடுத்தது. மாமாவுக்குப் பேச்சு குறையத் தொடங்கி, காலையில் நாலு வார்த்தை, அதுவும் என்னைத் திட்ட மட்டும் என்று ஆனபோது, டாக்டரிடம் போய், உன் ஈக்கதையைச் சொல்லி, அறைக்கு ஏசி போட்டால் சரியாகுமா என்று கேட்டேன். கன்னடக்காரர், நல்ல மனிதர். சிரிக்கவில்லை.

“அது ஈ சார். அதோட நரம்பு அங்கேயே இருக்கு. இவருக்கு நரம்பே போயிட்டிருக்கு. திரும்பி வராது.”

இருந்தும் ஏசி போட்டேன். மாமாவுக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

போன ஞாயிறு நான் இருக்கும் பொம்மசந்திராவிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், மாமாவிடம் டீ போடட்டுமா என்று கேட்டேன். உதடு அசைந்தது. காத்திருந்தேன். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வார்த்தை வரவில்லை. திட்டாவது வந்திருக்கக் கூடாதா? நீ இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பாயா, இல்லை நீயும் என்னைப் போல டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாயா?

ஞாயிறு தவறாமல் போவேன், அக்கா. ஊர் வம்பு அத்தனையும் அவரிடம் சொல்வேன். ஆனால் பதில் தேட வைக்கிற எதையும் இனி அவரிடம் கேட்க மாட்டேன். “சாப்டீங்களா மாமா” என்றுகூட.

உன் கடைசித் தம்பி,
வரதன்